பிள்ளைகள் வாங்கித் தந்த சாய்வு நாற்காலி

வெள்ளைச்சாமி இறந்து காரியம் நடந்த அன்று, அவருடைய படத்துக்கு மாலை போட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலியில் வைத்தார்கள். கதவோரம் நின்ற மண்வெட்டிக்கு அது பொறுக்கவில்லை.

“வெயிலோ மழையோ, விடிஞ்சா என்னைத் தூக்கிக்கிட்டு வயலுக்குக் கிளம்பிடுவாரு. மரியாதை மட்டும் உனக்கா?” என்று நாற்காலியைக் கேட்டது.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே,” என்றது நாற்காலி. “அப்பா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னுதான் பிள்ளைங்க என்னை வாங்குனாங்க. அவரு ஒரே ஒரு தடவை உக்காந்தாரு. அதுவும் கால்ல குத்துன முள்ளை எடுக்க. முள்ளு வந்ததும் எந்திரிச்சுப் போயிட்டாரு.”

பரணிலிருந்த தூண்டில் சிரித்தது.

“பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான் கண்மாய்க்கு மீன் பிடிக்க வருவாரு. அவங்க போடுற கூச்சல்ல ஒரு மீனும் கிட்ட வராது. வெறுங்கையோட திரும்பினாலும், கடைசி மகளைத் தோள்ல வச்சுப் பாடிக்கிட்டேதான் வீட்டுக்கு வருவாரு.”

“அது பாட்டா?” என்றது மண்வெட்டி. “வயல்ல அவரு வாயைத் திறந்தா கொக்கெல்லாம் பறந்துடும்.”

மூன்றும் சிரித்தன.

அப்போது அவர் மனைவி பேச்சியம்மாள் வந்து, படத்தைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள்.

“வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா இந்த மனுசனுக்கு மூச்சு முட்டிப்போகுமே,” என்று சொல்லி, படத்தை எடுத்துப்போய் வாசல் வேப்பமரத்தில் மாட்டினாள்.

காலியான நாற்காலி மண்வெட்டியைப் பார்த்தது.

“பாத்தீங்களா அண்ணே, இன்னைக்கும் எந்திரிச்சுப் போயிட்டாரு.”