வெண்டலின் வலது பூட்ஸ்

மே மாதக் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மடிந்து, பெயர் தெரியாமல் போன சிப்பாய்களின் வரிசையில் குட்டையான வெள்ளைக் கற்கள் பனியில் நனைந்து நிற்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் ஓர் எண் மட்டும் இருக்கிறது. போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்கு ஒவ்வொன்றின் முன்னும் ஒரே தூரத்தில் ஒரு சின்னக் கொடி நட வேண்டும். ஷூ நுனியைக் கல்லில் ஒட்டி வைத்து, குதிகால் முடிகிற இடத்தில் குத்த வேண்டும். முப்பத்தொரு வருடமாக இந்த வரிசையில் கொடி நட்டவர் வெண்டல். போன குளிர்காலத்தில் சர்க்கரை நோயால் அவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மனைவி டோரிஸ் பதினொரு கொடிகளை நட்டுவிட்டார்.

“எல்லாம் கல்லு மேல ஏறி உக்காந்திருக்கு. உன் பாதம் கோழிக்கால் அளவுதான். பேசாம வேற யாருக்காவது இந்த வரிசைய குடுத்துடலாம், டோரிஸ்.” கேலியாகத் தொடங்கிய வெண்டலின் குரல் கடைசியில் தணிந்துவிடுகிறது.

“வாய மூடு, கிழவா.”

டோரிஸ் காருக்குப் போய்த் திரும்புகிறார். வலது காலில் வெண்டலின் பழைய பூட்ஸ் தொப் தொப்பென்று புல்லை மிதிக்கிறது. பதினொரு கொடிகளையும் பிடுங்கிவிட்டு முதல் கல்லிலிருந்து ஆரம்பிக்கிறார். மூன்றாவது கல்லில் பூட்ஸ் கழன்றுகொள்கிறது. பக்கத்து வரிசையில் கொடி நடும் நான் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொள்கிறேன். வெண்டல் தன் மடியைத் தட்டுகிறார். டோரிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு காலைத் தூக்கி அங்கே வைக்கிறார். வெண்டல் நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போடுகிறார். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

“மெதுவா நட. கல்லுக்குக் கீழ இருக்குற பசங்க எங்கயும் போயிட மாட்டாங்க.”