கறுப்பு பைப்

"ஏன் பாய், ஏமாத்த நான்தான் கெடச்சேனா?"

வேனிலிருந்து இறங்கிய சதுர பைப்புகளைப் பார்த்ததுமே கந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலும் அடுப்பில் கிடந்தது போலக் கறுத்திருந்தன.

பக்கத்து வீட்டு சேனாதிபதி தண்ணீர்த் தொட்டிக்குப் போட்ட ஸ்டாண்டு பளபளவென்று மின்னுகிறது. அதே மாதிரிதான் கேட்டிருந்தாள். அவள் தொட்டி நிற்கப்போவது வீட்டுக்கு மேலே இருக்கிற மேட்டில். சாய்ந்தால், மருமகளும் கைப்பிள்ளையும் படுக்கிற அறை மேல்தான் விழும்.

"அக்கா, இது புதுசுதாங்க," என்றார் பைப் கடைக்கார இத்ரீஸ். "ஆலையில செவக்கக் காய்ச்சி, சூட்டோடயே சதுரமாக்குனது. அதான் கறுப்பு. பளபளன்னு இருக்கறது காய்ச்சாம மடிச்சது. அதுல மூலைக்கு மூலை இறுக்கம் தங்கிப்போகும். சும்மா நிக்க அது போதும். மூலையில வெல்டிங் வச்சு, நம்ம போளூர் மலைக்காத்து ஆட்டுனா விரிசல் விட்டாலும் விடும்."

"விக்காத சரக்குக்கு விளக்கம் வேறயா?" கையிலிருந்த அரிவாளால் ஒரு பைப்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள். "எடுத்துட்டுப் போங்க."

இத்ரீஸ் மேட்டைப் பார்த்தார். கீழே தொட்டில் ஆடுகிற அறையைப் பார்த்தார். பைப்புகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

வேன் வளைவு திரும்புவதற்குள் அவர் ஏமாற்றுக்காரர் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரமே அவர் ஸ்டாண்டைச் செய்தே கொண்டுவந்து நட்டுக் கொடுத்தார். வெள்ளி மாதிரி மின்னியது.

"இப்படி நாலு கேள்வி கேட்டாத்தான் நல்ல சரக்கு வருது," என்று சேனாதிபதியிடம் பெருமையடித்தாள் கந்தம்மாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழையோடு பேய்க்காற்று. வெள்ளனே எழுந்து பார்த்தால், சேனாதிபதியின் ஸ்டாண்டு வெல்டிங் ஓரம் மூலையில் பிளந்து, தொட்டி பூண்டு வயலில் கிடந்தது. நல்லவேளை, அங்கே ஆளில்லை.

அவள் தொட்டி அசையவே இல்லை. கீழே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"புண்ணியவான், நல்லா இருக்கணும்," என்று ஸ்டாண்டின் காலைத் தடவினாள். ஈரத்தில் ஊறிய வெள்ளிப் பெயின்ட் ஏடு ஏடாகக் கையோடு வந்தது.

உள்ளே கறுப்பு. கறுப்பில் அவள் அரிவாள் போட்ட தழும்பு.

உடனே போன் போட்டாள்.

"பாய், என்னை ஏமாத்திட்டீங்களே."

"ஆமாங்கக்கா," என்றார் இத்ரீஸ். "ராத்திரி காத்துக்குப் பிள்ளை பயப்படாமத் தூங்குச்சா?"