அப்பா தொடாத போஸ்டர்

“இது டிராகனா, சளி பிடிச்ச எருமையா? அழி, அழி! மூக்கை மறுபடியும் போடு!”

திட்டு வாங்கியவர் ரப்பரை எடுத்தார். யோங்ஷெங்குக்கு முப்பத்தொன்பது வயது. சீனாவில், யுயேயாங் நகரில் பதினெட்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார். திட்டியது அவருடைய மகள் தோங்தோங், மூன்றாம் வகுப்பு.

போஸ்டர் என்னவோ அவளுடையதுதான். சீனக் காலண்டரில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டிராகன் படகுத் திருவிழாவைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே எழுதி, வரைந்து, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். “ஒரே ஒரு செதில் போட்டுக் காட்டறேன், பாத்துக்கோ” என்று சனிக்கிழமை மத்தியானம் பென்சிலை வாங்கியவர், ஞாயிறு மத்தியானம் ஆகியும் திருப்பித் தரவில்லை.

“குடுப்பா! என் ஹோம்வொர்க்!”

“இரு கண்ணு, வாலு மட்டும். வாலு முடிஞ்சதும் உனக்குத்தான்.”

வால் முடிந்தது. அப்புறம் படகு வந்தது, துடுப்போடு இருபது பேர் வந்தார்கள், இலைப் பொட்டலத்துச் சோற்றிலிருந்து ஆவி பறந்தது. மகளுக்குக் கிடைத்தது, ஓரத்தில் நாலு இலைக்குப் பச்சை அடிக்கும் வேலை.

“பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டறீங்களா? எந்த ஸ்டாப்லயும் நிறுத்த மாட்டீங்களா?” என்றாள் மனைவி யாலான், திருவிழாப் பலகாரத்துக்காக ஒட்டரிசியையும் பன்றிக்கறியையும் இலையில் பொதிந்து நூல் சுற்றிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து, போனில், பெற்றோர் குரூப்பில் வகுப்பு டீச்சர் ஓயாங்கின் குரல் வந்து விழுந்தது. “போஸ்டரைப் பெத்தவங்க யாரும் தொடக் கூடாது. பெரியவங்க கை பட்டா எனக்கு ஒரே பார்வையில தெரிஞ்சுடும். அந்தப் பிள்ளை திருவிழாப் போட்டியில நம்ம ஸ்கூல் படகுல ஏறாது, சொல்லிட்டேன்!” பின்னால் யாரோ ஒரு பையன் “அம்மா... முடியலம்மா...” என்று வீறிட்டான். குரல் பட்டென்று நின்றது.

யோங்ஷெங்கின் கையிலிருந்த பென்சிலும் நின்றது. அந்தப் படகில் துடுப்புக்குத் தாளம் கொடுத்து முரசு அடிக்கப்போவதே தோங்தோங்தான். ஒரு மாதமாக அடித்துப் பழகியதில் வீட்டில் நெளியாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

உடனே பென்சில் இடக்கைக்கு மாறியது. நேராக நின்ற துடுப்புக்காரர்களைக் கோணலாக்கினார். ஓர் எழுத்தில் வேண்டுமென்றே ஒரு கோட்டை விட்டார். டிராகனுக்கு ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு; இரண்டுக்கும் தங்கப் பெயிண்ட்.

“அய்யய்ய! நான் இவ்ளோ கேவலமா வரைய மாட்டேன்பா. மானம் போவுது!”

யாலானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரித்ததில் அரிசி கொட்டியது. அதைப் பார்த்து அவர் சிரித்தார், மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் திங்கட்கிழமை காலை பத்து மணி வரைதான். டீச்சர் போன் பண்ணினார். “தோங்தோங் அப்பாவா? ஸ்கூல் விட்டதும் வந்து என்னைப் பாருங்க. நீங்க மட்டும்.”

போனார். டீச்சரின் மேசையில் போஸ்டர் விரிந்து கிடந்தது.

“யார் வரைஞ்சது?”

“என் பொண்ணுதான், டீச்சர்.”

“டிராகன் கண்ணுல இருக்கிற தங்கக் கலர், உங்க நகத்துலயும் இருக்கே?”

யோங்ஷெங் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தேர்வில் பிட் அடித்து மாட்டிய பையன் மாதிரி காது சிவந்தது.

“தப்பு என்னோடதுதான், டீச்சர். அவ கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டா, நான்தான் பென்சிலைத் தரல. கையில எடுத்தப்புறம் விட மனசே வரல. என்னை என்ன வேணா பண்ணுங்க. அவ கையில இருந்து முரசை மட்டும் பிடுங்கிடாதீங்க.”

டீச்சர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். எதிர் வகுப்பறையில் தோங்தோங் தனியாக உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு புதிதாக ஒரு டிராகன் வரைந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“முரசு அவளுக்குத்தான். இதைவிட அவளே நல்லா வரையறா.”

போன உயிர் திரும்பி வந்தது. “ரொம்ப நன்றிங்க, டீச்சர். அப்போ நான் கிளம்பறேன்.”

“எங்க போறீங்க? உக்காருங்க.”

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அலமாரிக்குப் பின்னாலிருந்து சுருட்டி வைத்த வெள்ளை அட்டை ஒன்றையும், ஒரு டப்பா நிறையக் கலர் பென்சிலையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

“இ... இது எதுக்கு, டீச்சர்?”

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

“என் பையனுக்கு, சார். அவன் ஸ்கூல்லயும் போஸ்டர் நாளைக்கே கேக்கறாங்க!”