ஆரோன் அழுவதில்லை

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு, பேச்சுப் பயிற்சி மையத்தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டரை வயது ஆரோன் அலறினான்.

ஜெனிஃபர் குனிந்து மகனின் காதில் ஏதோ சொன்னாள். அலறல் நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனே உள்ளே நடந்தான்.

"எப்படிங்க? என் பொண்ணு இங்க வந்தாலே தரையில உருள்றா," என்றாள் காத்திருந்த இன்னொரு தாய். "என்ன சொன்னீங்கன்னு எனக்கும் சொல்லுங்களேன்."

"அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. குழந்தை மனசு தெரிஞ்சு பேசணுங்க."

எலெக்ட்ரானிக் சிட்டியில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவில், 'பயந்த குழந்தையைப் பழக்குவது எப்படி' என்று ஜெனிஃபர் ஏற்கெனவே மூன்று பதிவுகள் போட்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சியாளர் வீணா அவளை உள்ளே அழைத்தார்.

"அஞ்சு வாரம் ஆச்சு ஜெனிஃபர். அழறதில்ல, நல்லா விளையாடறான், சொல்றது எல்லாம் புரியுது. ஆனா ஒரு சத்தம்கூட வரல. பந்தைக் காட்டி 'இது என்ன?'ன்னு கேட்டா, உதட்டை இறுக்கி மூடிக்கறான்."

"வீட்டுல ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆரம்பிச்சிட்டானே மேடம்!"

"இங்க இல்லையே. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

ஜெனிஃபருக்குக் கண் கலங்கியது. வீணா எழுதத் தொடங்கினார்.

ஆரோன் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான்.

"ம்மா, ஆரோன் வாயே தொறக்கல. ஐஸ்கிரீம் எங்க?"