ஆறாவது சாயா

"இன்னைக்கு அந்த ராஜையன் மாமாவை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் வருவேன்!"

ராகேல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கணவர் சத்தியநேசன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அனுபவப்பட்ட மனுஷன்.

மகள் ஷைலஜாவுக்கு வந்த மூன்றாவது சம்பந்தமும் இன்று காலை விட்டுப்போயிற்று. தரகர் போனில் சொன்ன காரணம்: "உங்க தெருமுனைச் சாயாக்கடையில விசாரிச்சாங்களாம்."

திருவனந்தபுரத்தில் இது வழக்கம்தான். பயோடேட்டா, பேஸ்புக் எல்லாம் பார்த்தாலும், முன்பின் தெரியாத வீட்டில் சம்பந்தம் பேசும் முன் அந்தத் தெருச் சாயாக்கடையில் ஒரு சாயா குடிக்காமல் யாரும் வரமாட்டார்கள். அங்கே ஏதாவது சொல்லிக் கல்யாணத்தைக் கலைக்கிற ஆளுக்கு 'கல்யாணம் முடக்கி' என்று பட்டப்பெயரே உண்டு.

ஆரியசாலை முக்குக் கடையில், எழுபத்தெட்டு வயது ராஜையன் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்க மவளைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"கேட்டாவ, உள்ளதைச் சொன்னேன் மக்களே. சின்னதிலேருந்து வலிப்பு உண்டு, தினம் ஒரு மாத்திரை உண்டு, இப்போ ஆறு வருஷமா ஒண்ணும் இல்லேன்னு."

"அதை எதுக்குச் சொல்லணும்? நீங்களும் கல்யாணம் முடக்கி ஆயிட்டீங்களா?" ராகேலின் குரல் உடைந்தது. "அவளுக்கு இருபத்தெட்டு ஆச்சு மாமா!"

சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

ராகேல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பழைய பெஞ்ச்தான், ஒரு கால் மட்டும் புதுசு. கல்யாணத்துக்கு முன், இப்போது குடும்பத்தோடு குடியிருக்கும் இதே அப்பா வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் இது தெரியும். யார் யாரோ வந்து உட்காருவார்கள், போவார்கள். அப்படிப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்தான் சத்தியநேசன். அந்தச் சட்டையை நினைத்தால் இத்தனை கோபத்திலும் மனசு இனித்தது.

"எனக்கு ஆள் வந்தப்போ வாய் நிறைய நல்லதுதானே சொன்னீங்க? எனக்கும்தான் சின்னதிலேருந்து மூச்சிழுப்பு. அதைச் சொன்னீங்களா? கல்யாணம் கழிஞ்சு மூணாம் மாசம் நானே பையச் சொன்னேன். 'அதுக்கென்ன'ன்னுட்டாரு. முப்பது வருஷம் ஓடிப்போச்சு. எதையும் சொல்லுறதுக்கு ஒரு நேரம் உண்டு மாமா."

ராஜையன் அவள் முன்னால் ஒரு சாயாவை வைத்தார்.

"எப்படிப்பட்ட வீட்டுக்குப் போனேன்! வித்துராவில அந்தத் தெரு முழுக்க விறகடுப்பு. எங்க வீட்டு அடுக்களையில மட்டும் புத்தம்புது கேஸ் அடுப்பு. 'ஊருல இல்லாத பவுசு'ன்னு மாமியார் ஒரு வருஷம் முணுமுணுத்தா. மனுஷனுக்கு அப்பவே கொஞ்சம் ஜம்பம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது. "எனக்க பிள்ளைக்கும் அப்படி ஒரு வீடு அமையாண்டாமா? மறைச்சாத்தானே அமையும்?"

"சொல்லச் சொன்னதே உனக்க மவளாக்கும்" என்றார் ராஜையன்.

"யாரு, ஷைலஜாவா?"

"ஆமா. 'அம்மா சொல்ல விடமாட்டா தாத்தா, நீங்க சொல்லிருங்க. கேட்டுட்டும் வாறவன் வந்தாப் போதும்'னு சொல்லிட்டுப் போனா."

"பைத்தியக்காரி! அதைக் கேட்டுட்டு எவன் வருவான்?"

ராஜையன் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்க அப்பனும் இந்த பெஞ்சில இருந்து இதையேதான் சொன்னாரு மக்களே. 'எனக்க மவளுக்க இழுப்பை மறைக்காத ராஜையா'ன்னு. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அஞ்சு பேரு சாயாவைப் பாதியில வச்சிட்டு எழும்பிப் போனாவ."

ராகேல் விருட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ... இவரு?"

"ஆறாவதா வந்த பச்சைச் சட்டையா? முழுச் சாயாவையும் குடிச்சாரு. கிளாஸை வச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: 'அப்போ விறகுப் புகை ஆகாதுல்லா? கேஸ் அடுப்புக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?'"