காலன் உட்கார்ந்த நாற்காலி

சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், தன்னையே கொல்ல வந்திருந்தான்.

தற்கொலை இல்லை. இந்த உலகத்தில் வாழும் இன்னொரு தன்னை.

காலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வரத் தெரிந்தவன் அவன். போன இடத்தில் எல்லாம் ஊரை எரித்தான், அரசைக் கவிழ்த்தான். எல்லாக் காலத்து மக்களும் அவனைக் காலன் என்றே அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்கவும் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அவனை வீழ்த்த வேண்டுமானால் அவனைப் போலவே மூளை உள்ள ஒருவனால்தான் முடியும். அதனால் ஒவ்வொரு உலகமாகப் போய், அங்கே இருக்கும் தன்னைத் தேடித் தீர்த்துக்கட்டிவிட்டு வருவான். ஒரு உலகத்தில் அவன் தளபதியாக இருந்தான், இன்னொன்றில் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியின் முள், அந்தந்த உலகத்தில் அவனுடைய உடம்பு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இங்கே அது இந்தச் சலூனைக் காட்டியது. போயும் போயும் முடிவெட்டவா வந்தோம் என்று அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

உள்ளே ஆண்கள் யாரும் இல்லை. காதோரம் நரைத்த ஒரு பெண் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். கத்தரி கை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிரச் சற்று நேரம் பிடித்தது.

"வந்துட்டியா? உக்காரு. தலையைப் பாரு, காடு மாதிரி கிடக்கு."

அக்கா.

நரைத்திருந்தாலும் அதே முகம், அதே அதட்டல். அவன் உலகத்தில் அவள் பன்னிரண்டு வயதைத் தாண்டவில்லை. ஆற்றில் இருவரும் சுழலில் மாட்டிக்கொண்டபோது, அவனைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த நாளுக்கு அவன் எத்தனை தடவை திரும்பிப் போயிருக்கிறான்! கயிறு கொண்டுபோனான், படகு கொண்டுபோனான். என்ன செய்தாலும் அந்த ஒரு நாள் மட்டும் அவனுக்கு வளைந்து கொடுக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் மற்ற நாட்களை உடைக்கத் தொடங்கினான்.

இங்கே அவள் இருக்கிறாள். நரைக்கிற வயது வரைக்கும் இருக்கிறாள்.

இந்த உலகத்துத் தம்பி கொடுத்துவைத்தவன். இதுவரை பயத்தினால் கொன்ற காலன், முதல்முறையாகப் பொறாமையில் கொல்லப் போகிறான். அந்தத் தம்பி வரட்டும், வந்ததும் கதையை முடித்துவிட்டு அவன் இடத்தில் நாமே இருந்துவிடலாம். அதுவரை அக்கா கண்டுபிடிக்காமல் இருந்தால் போதும்.

நாற்காலியில் சாய்ந்தான்.

அவள் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, தலையில் தண்ணீர் தெளித்தாள். "என்னடா இது உடுப்பு? நாடகத்துல ராஜா வேஷம் கட்டினவன் பாதியில ஓடிவந்த மாதிரி."

இதைவிடச் சின்னக் கிண்டலுக்கு அவன் ஒரு நகரத்தையே இல்லாமல் ஆக்கியிருக்கிறான். இப்போது தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் விரல்கள் உச்சந்தலையைத் தடவி ஓரிடத்தில் நின்றன. "ரெட்டைச் சுழி. சொன்ன பேச்சு கேட்டாத்தான் அதிசயம்!"

குரல் லேசாக உடைந்த மாதிரி இருந்தது. சந்தேகப்பட்டுவிட்டாளோ என்று துணிக்குள் அவன் கை ஆயுதத்தைத் தேடியது. உடனே வெட்கப்பட்டு விலகியும் கொண்டது.

கத்தரி வலது காதின் மேல் பேச ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல் வெட்டினாள். பிறகு சவரக்கத்தியை எடுத்துப் பிடரியை வழித்தாள். கத்தி பிடித்த எவரையும் அவன் தன் கழுத்துக்குப் பக்கத்தில் விட்டதில்லை. இன்று கண்ணை மூடிக்கொண்டான். இப்படியே தூங்கிப்போனால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

துணிக்குள் முள் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. துணியை லேசாக விலக்கிப் பார்த்தான். அது வாசலைக் காட்டவில்லை. கண்ணாடிக்குக் கீழே, பவுடரும் சீப்பும் வைத்திருக்கும் பலகையைக் காட்டியது.

"அவ்வளவுதான், பாரு," என்று அவள் துணியை உதறினாள்.

கண்ணாடியைப் பார்த்தவன் திகைத்துப்போனான். வலது பக்கம் ஒட்ட வெட்டி, சுத்தமாக இருந்தது. இடது பக்கம் கத்தரியே படவில்லை. காடு காடாகவே நின்றது.

அவள் பலகையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். முள் அதைப் பார்த்துத் திரும்பி, ஆடாமல் நின்றது.

டப்பாவில் கொஞ்சம் முடி. சின்னப் பிள்ளையின் முடி, பஞ்சு மாதிரி.

"இடது பக்கம் அன்னைக்குக் காலையிலயே வெட்டிட்டேன். மீதியைக் குளிச்சுட்டு வந்து வெட்டிக்கலாம்னு சொல்லிட்டுத்தானே ரெண்டு பேரும் ஆத்துக்கு ஓடினோம்."

அவனுக்கும் நினைவு வந்தது. அம்மாவின் கத்தரி. பாதி வெட்டிய தலையைப் பார்த்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிய அக்கா.

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என்னைக் கரைக்குத் தள்ளிவிட்டுட்டு உள்ள போனவன். திரும்பி வர்றதுக்கு இவ்வளவு நேரமாடா?"