சனிக்கிழமை சாலட்

“ம்ஹூம். என்னமோ ஒண்ணு குறையுதுட்டி,” என்றார் செல்லப்பா, வெள்ளரிக்காயை மென்றுகொண்டே.

“என்ன குறையுதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. உப்பா, எலுமிச்சையா, மிளகா?” கரண்டியை ஓங்காத குறையாக நின்றாள் மனைவி ரெபேக்காள்.

“அது தெரிஞ்சா நான் எதுக்கு ஹார்டுவேர் கடையில ஆணி நிறுத்துக்கிட்டு கெடக்கேன்? குத்தாலத்து ஹோட்டல்ல மாஸ்டரா போயிருக்க மாட்டேனா?”

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். மிச்சச் சாலட்டை ரெபேக்காளே ஒரு வாய் அள்ளித் தின்று பார்த்தாள்.

லெந்து என்னும் தவக்கால நோன்பு நாட்கள் அவை. ஈஸ்டர் வருகிறவரை அந்த வீட்டில் கறி, மீன், முட்டை என்ற பேச்சே கிடையாது. ரெபேக்காள் சபையின் பெண்கள் சங்கத்துச் செயலாளர். தென்காசியில் யார் வீட்டில் லெந்து எப்படி நடந்தாலும், அவள் வீட்டில் ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

வழக்கமாக இரண்டாம் வாரமே செல்லப்பாவுக்கு முகம் தொங்கிவிடும். சாம்பாரைப் பார்த்தால் சண்டை, கூட்டைப் பார்த்தால் குத்தல் பேச்சு. இந்த வருஷம் மனிதர் அவ்வளவு சாதுவாக இருந்தார். எல்லாம் குற்றாலம் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த கார்டன் ரெஸ்டாரண்டின் சாலட் செய்த வேலை. சனிக்கிழமை தவறாமல், அருவியில் குளிக்கப் போகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போவார். ஏப்பம் விட்டபடி திரும்பி வருவார்.

“மார்ச் மாசத்துல அருவியில தண்ணி நூலாட்டம் விழுது. அங்கன போயி எதுல குளிக்கிய?” என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

“கூட்டமில்லாம குளிக்கதுதாம்ட்டி சொகம். குளிச்சிட்டு வந்து அந்த சாலட்ட ஒரு வாய் வச்சேன்னு வையி... அடடா!”

அந்த ‘அடடா’தான் அவளைக் குடைந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கைச்சமையலுக்கு வராத அடடா, வெறும் முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் வந்துவிட்டதே! எந்தப் பதார்த்தத்தையும் ஒரு வாய் தின்று பார்த்தே வீட்டில் செய்துவிடுவாள் என்று தெருவெல்லாம் பெயரெடுத்தவள் அவள். போயும் போயும் ஒரு சாலட் அவளுக்குத் தண்ணி காட்டியது.

மாதுளை முத்து தூவிப் பார்த்தாள். புளிப்பு மாங்காயைச் சீவிப் போட்டாள். வேர்க்கடலையை வறுத்து ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்தாள். முட்டை சேராத மயோனைஸைத் தேடி, தென்காசிக் கடைவீதியில் கால் கடுக்க அலைந்தாள். ஒவ்வொரு தடவையும் செல்லப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கன மாதிரி வரல.”

ரெபேக்காள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். “இந்தச் சனிக்கிழம நானும் வாரேன். தின்னு பாத்தாத்தான் புடிபடும்.”

செல்லப்பா திடுக்கிட்டார். “வேகாத வெயில்ல நீ எதுக்குட்டி?”

“நீங்க போற அதே வெயிலுதான?”

சனிக்கிழமை செல்லப்பா அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். ரெஸ்டாரண்டில் உட்கார்ந்ததும், கை கழுவுகிறேன் என்று எழுந்தவர் சமையற்கட்டுப் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வந்தார். சாலட் வந்தது. ரெபேக்காள் ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வாய். அவள் செய்ததேதான். சொல்லப்போனால் இதில் மிளகு மட்டம்.

“இதுக்கா இம்புட்டு ஆட்டம்?”

எதையோ பறிகொடுத்தவர் போல செல்லப்பா கோஸைக் கொறித்துக்கொண்டிருந்தார். “இன்னைக்கி மாஸ்டர் லீவு போலுக்கு. கை மாறிட்டு.”

அப்படியென்றால் அந்த மாஸ்டரைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று ரெபேக்காள் முடிவுகட்டினாள். செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டம் முடிந்ததும், வேதாகமப் பையும் கையுமாக அப்படியே குற்றாலம் பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்கும் அந்தச் சூட்சுமம் பிடிபடாவிட்டால், இனிமேல் அடுக்களையில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

பார்சல் கவுண்டரில் மாரிச்செல்வம் என்று சட்டையில் பெயர் குத்திய மீசைக்காரர் நின்றார்.

“மாஸ்டர் இருக்காரா அண்ணாச்சி? அவரு கையால ஒரு சாலட் பார்சல் வேணும்.”

“மாஸ்டர் என்னைக்கும் லீவே போட மாட்டாரு அக்கா.” அவள் கழுத்துச் சிலுவையையும் வேதாகமப் பையையும் பார்த்த மாரிச்செல்வம், குரலைத் தாழ்த்தினார். “எது போடச் சொல்ல? சும்மா சாலட்டா, லெந்து சாலட்டா?”

“அது என்னது லெந்து சாலட்?”

“மேல கோஸு, கேரட்டு, வெள்ளரிக்கா எல்லாம் அதேதான் அக்கா. அடியில மட்டும் பொரிச்ச கோழிய மறச்சி வச்சிருப்போம். பக்கத்து டேபிள்ல போதகரே உக்காந்திருந்தாலும் தெரியாதுல்லா! தென்காசி ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒருத்தரு சொல்லிக் குடுத்த ஐடியா. பாவம், போன சனிக்கிழம வீட்டம்மாவும் கூட வந்துட்டாவளாம். மனுசன் சும்மா சாலட்ட தின்னுட்டுப் போனாரு.”

ரெபேக்காளுக்கு முதலில் கோபம் மண்டைக்கு ஏறியது. அடுத்து, தன் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை என்ற நிம்மதி வந்தது. அதற்கும் அடுத்து, சமையற்கட்டிலிருந்து கோழி பொரியும் வாசனை வந்தது. சங்கத்துக்காரிகள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

“லெந்து சாலட்டே போடச் சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் மெதுவாக. “பார்சல் வேண்டாம், இங்கனயே சாப்பிடுதேன்.”